சில்லும் சங்கிலியும்

கற்றோர் எனத் தம்மைக் கருதிக்கொள்வோர் கையினாற் செய்யப்படும் தொழிலை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் திருத்தும் கொட்டிலொன்றில் அரைநாள் அமர்ந்திருந்தாற் போதும். உதிரிப் பாகத்தின் விலையை வாய் திறவாது எண்ணிக் கொடுக்கும் நம்மவர், வேலைக்கான கூலி என்றதும் பேரம் பேசத் தொடங்குவதை அங்கே காணலாம். டயருக்கு விலை உண்டு. சங்கிலிக்கு விலை உண்டு. அவற்றைப் பூட்டிய கைக்கு மாத்திரம் நிச்சயமான விலை இல்லை. இஃது ஏன் என்ற வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நாம் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகின்றோம். வீட்டிலிருந்து பாடசாலை பதினான்கு கிலோமீற்றர். பேருந்தை நம்பினால் முதலாம் பாடவேளை போய்விடும். ஆகவே எம்மிலும் வயதில் மூத்த 125 சீ.சீ. ஹொண்டா ஒன்றே எமக்கு வாகனம். பழைய வண்டிகள் இந்நாட்டின் வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது பழமையின் மீதுள்ள பற்றினால் அன்று. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கான தடை தளர்ந்தது. தளர்ந்த பின்னரும் புதிய வண்டியின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டும் நிலையில் இல்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த நாட்களில், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் இப்பழைய எந்திரங்களே பலருடைய பிழைப்பைக் காத்தன. இருப்பதைப் பேணி ஓட்டுவது ஏழை நாட்டவனின் பொருளாதார விதி. அவ்விதியை நிறைவேற்றித் தருபவர்கள் வீதியோரத்துத் தொழிலாளர்கள்.

எமது வண்டியைப் பார்ப்பவரை ஊரார் ‘அண்ணை’ என்றே அழைப்பர்; நாமும் அவ்வாறே. நான்கு பனங்குற்றிகள், தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை — இதுவே அவருடைய வேலைத்தளம். பெயர்ப் பலகை கிடையாது. வயது ஐம்பதை அண்மிக்கின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் தொழில் பயின்றது வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்த 1990களின் முற்பகுதியில். பெற்றோல் கிடையாது, சிறிதளவு பெற்றோலினால் எந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. உதிரிப் பாகமும் அரிது. தேய்ந்து நீண்ட சங்கிலியில் ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றிக் குறுக்கி, மறுபடியும் மாட்டி ஓட்டினார்கள். பற்றாக்குறை என்னும் கல்லூரியிற் பயின்ற பட்டதாரி அவர்.

சென்ற விடுமுறையில் எமது வண்டியின் இரு டயர்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. பின் டயர் நடுப்பகுதி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. முன் டயரிலோ வரிப்பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. அதை ஏன் மாற்ற வேண்டும் என வினவினோம். அண்ணை டயரின் பக்கவாட்டைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். மயிரிழை போன்ற வெடிப்புகள் நூற்றுக்கணக்கில் வாய் திறந்தன. இறப்பர் ஓட்டத்தினால் மாத்திரம் தேய்வதில்லை. வெயிலினாலும் காலத்தினாலும் உலர்ந்து இறுகுகின்றது. இறுகிய டயர் மழைநாளில் வீதியைப் பற்றிக்கொள்ளாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தும் இலக்கமும் ஒரு சாசனம் போன்றவை. வாசிக்கத் தெரிந்தவனுக்கே அவை பொருள் தரும். 2.75–18 என்றிருப்பின் முன்னது டயரின் அகலம், பின்னது றிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அம்புக்குறி சில்லு சுழல வேண்டிய திசையைக் காட்டும். நீள்வட்டத்துள் இருக்கும் நான்கு இலக்கங்களே முக்கியமானவை. முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது. கடையிற் புதியது என்று பளபளப்பாக விற்கப்படுவது, உண்மையில் தட்டிலேயே ஆறு வருடம் கிடந்து முதுமை எய்தியதாக இருக்கலாம். கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியால் அறியும் முறையைப் பல்கலைக்கழகத்திற் கற்றோம். டயரின் காலத்தை அறியும் முறையை இக்கொட்டிலிற் கற்றோம். நாள்தோறும் உயிரைத் தாங்கிச் செல்வது பின்னைய அறிவே.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சில்லைக் கழற்றிய பிறகு, வால்வின் ஊசியை எடுத்துக் காற்றை முற்றாக வெளியேற்றினார். அதன்பின் அவர் செய்ததைக் கண்டபோதுதான் இத்தொழிலின் உட்பொருள் எமக்கு விளங்கலாயிற்று. டயரின் ஓரத்திலே உருக்குக் கம்பி வளையம் பொதிந்திருக்கின்றது. அது நீளாது. பலங்கொண்டு நெம்பினால் ரியூப் கிழியும், றிம் வளையும், டயர் வராது. ஆனால் றிம்மின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகின்றது. எதிர்ப்பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், இந்தப் பக்கத்தில் ஒரு விரலளவு தளர்வு கிடைக்கின்றது. அந்தத் தளர்வைக் கொண்டு, இரு நெம்புகோல்களால் சிறுகச் சிறுக ஓரத்தைத் தூக்கி எடுக்க வேண்டும். மெலிந்த உடலினரான அவர் வியர்வை சிந்தாமற் செய்ததை, அயலிலிருந்த வாட்டசாட்டமான இளைஞர் ஒருவர் முயன்று கைசோர்ந்தார். பலம் அன்று, இடமறிதலே வேலையை முடிக்கின்றது.

பழைய டயரின் உட்புறத்தைத் துணியாற் சுற்றித் துடைத்தார். முள்ளோ ஆணியோ இருந்தாற் துணி சிக்கும். கையால் தடவினால் விரல் கிழியும். றிம்மின் துருவைச் சுரண்டி, ரியூபைக் குத்தக்கூடியதாக நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையை அராவி, அதன்மேல் இறப்பர்ப் பட்டியைச் சுற்றினார். புதிய டயரின் ஓரத்திற் சவர்க்கார நீரைப் பூசினார். ரியூபுக்குள் உருவம் பெறும் அளவுக்குச் சிறிது காற்றை ஊதி உள்ளே வைத்தார். வெறுமையாக வைத்தால் நெம்புகோலுக்கும் றிம்முக்கும் இடையில் அகப்பட்டு நசியும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வண்டையில் முடித்தார். காற்றடித்தபின் டயரின் ஓரமாக ஓடும் மெல்லிய கோடு றிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கின்றதா எனச் சில்லைச் சுழற்றிப் பார்த்தார். பின்னர் மீண்டும் காற்றை விட்டு, மீண்டும் அடித்தார். ரியூபின் மடிப்புகள் நீங்குவதற்காக அவ்வாறு செய்வதாம். இத்தனையும் எந்த நூலிலும் அவர் படித்தவை அல்ல. ஆயினும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காரணம் உண்டு. கேட்டபோது அந்தக் காரணத்தைத் தயக்கமின்றிச் சொன்னார். காரணங் கூறவல்ல அறிவை விஞ்ஞானம் என்று அழைப்பதுதானே முறை?

சங்கிலியின் வேலை இதனிலும் நுண்ணியது. கண்ணிகளை உருளைகளாலும் ஊசிகளாலும் இணைக்கும் இவ்வகைச் சங்கிலியை 1880இல் மஞ்செஸ்ரர் நகரில் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர் ஆக்கினார். அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. ‘சங்கிலி நீண்டுவிட்டது’ என்று எல்லோரும் கூறுவர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த குழல்களும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் தேய்வு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான் எனக் கொள்வோம். நூற்றுப்பத்து இணைப்புகள் கொண்ட சங்கிலியில் அது பதினொரு மில்லிமீற்றராகின்றது. கண்ணுக்குத் தெரியாத சிறு தேய்வுகள் சேர்ந்தே பெரிய தளர்வு உண்டாகின்றது. சங்கிலியைப் பின்பற்சில்லிலிருந்து விரலால் பின்னே இழுத்துப் பார்த்தால், பல்லின் பாதி உயரம்வரை அது எழும்புமாயின், அதன் ஆயுள் முடிந்தது. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாற் பற்சில்லுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புதிய சங்கிலியை விரைவில் தின்றுவிடும்.

எமது சங்கிலிக்கு இன்னும் ஆயுள் இருந்தது. இறுக்க வேண்டியதே குறை. பின்சில்லின் அச்சு நட்டை இளக்கி, இருபுறத்து இழுவை நட்டுகளையும் சம அளவிற் திருக வேண்டும். இருபுறமும் உள்ள அடையாளக் கோடுகள் ஒத்திருக்காவிடில் சில்லு கோணலாக நிற்கும். சங்கிலி பற்சில்லின் பக்கத்தை அராவும். கீழ்ப்புறச் சங்கிலியின் நடுவில் விரலை வைத்து மேலுங் கீழும் அசைத்தால் ஏறத்தாழ இருபது முதல் முப்பது மில்லிமீற்றர் அசைவு இருத்தல் வேண்டும். அதுவும் ஓரிடத்தில் மாத்திரம் பார்த்தாற் போதாது. சங்கிலி ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே சில்லைக் கையால் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தைத் தேடி, அங்கேயே அளக்க வேண்டும். எந்திரத்தை ஓடவிட்டுச் சங்கிலியில் துணி பிடித்துத் துடைப்பவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். சில்லைக் கையாலேயே சுழற்றுவது வெறும் பழக்கம் அன்று.

தளர்வு முற்றாக நீங்கும்வரை இறுக்கிவிட்டால் என்ன என்று கேட்டோம். அண்ணையின் மறுமொழி இது:

“சேர், இறுக்கிறது பெரிய வேலையில்லை. எவ்வளவு இளக்கி விடுறதெண்டு தெரியிறதுதான் வேலை. நீங்கள் ஏறி இருக்க, பின்னுக்கு அக்காவும் ஏற, சில்லு மேல எழும்பும். அப்ப சங்கிலி இழுபடும். இளக்கம் இல்லாட்டி ஒண்டில் சங்கிலி அறும், இல்லாட்டி பெயரிங் போகும்.”

அச்சு நட்டை இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின்னை மாட்டி வளைத்து, சில்லு பின்னே நகர்ந்தமையால் மாறிவிட்ட பிறேக் மிதியின் அளவையும் திருத்தினார். சங்கிலியின் இணைப்புக் கண்ணியிலுள்ள கொளுவியின் மூடிய முனை ஓட்டத்தின் திசையை நோக்கி இருக்கின்றதா என மறுமுறையும் பார்த்தார். திறந்த முனை முன்னோக்கி இருந்தால், ஏதேனும் தட்டுப்படும்போது கொளுவி கழன்று, ஓடும்போதே சங்கிலி தெறித்துவிடும். புதிய டயர் வழுக்கும். முதல் நூறு மைலும் வளைவிற் சரியாமல் மெதுவாக ஓட்ட வேண்டும் என்றும் எச்சரித்தார். பழைய டயர்களை முற்றத்திற் போட வேண்டாம், மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் என்று தாமே துளையிட்டுத் தந்தார்.

வேலை நடந்துகொண்டிருக்கையில் அவருடைய குடும்ப வரலாற்றையும் அறிந்தோம். அவருடைய தாயார் இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால் வெட்டியவர். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது, கைக்குழந்தையான இவரைச் சுமந்துகொண்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களுள் அவரும் ஒருவர். தாய் மரத்திலிருந்து வடித்தாள். மகன் அதே பொருளைச் சில்லிற் பூட்டுகிறார். இடையில் எத்தனை கைகள், எத்தனை கப்பல்கள், எத்தனை இலாபங்கள்!

இறப்பரின் வரலாறு கைகளின் வரலாறேயாகும். 1839இல் குட்இயர் என்பவர் கந்தகத்துடன் சூடாக்கி இறப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதனைத் தொடர்ந்து உலகச் சந்தையில் இறப்பர்ப் பசி மூண்டது. பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் தனியுடைமையாக 1908வரை இருந்த கொங்கோவில், பணிக்கப்பட்ட அளவு இறப்பரைக் கொண்டுவரத் தவறிய கிராமத்தவர்களின் கைகள் வெட்டப்பட்டன. ஐரோப்பியக் கனவான்கள் குலுங்காமற் சவாரி செய்வதற்கு ஆபிரிக்கரின் கைகள் விலையாயின.

இலங்கைக்கு இறப்பர்க் கன்றுகள் 1876இல் கியூ தாவரப் பூங்காவிலிருந்து வந்தன. ஹெனரத்கொடவில் நடப்பட்ட அவற்றின் வழிவந்த மரங்கள் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிற் பரவின. பால் வெட்டுவோர் விடியுமுன்னே புறப்பட வேண்டும். வெயில் ஏறினாற் பால் குன்றும். நாளொன்றுக்கு ஏறத்தாழ முந்நூறு மரங்கள். பட்டையின் உள்ளே, மரத்தை வளர்க்கும் உயிர்ப்படை வரையிற் கத்தி நெருங்க வேண்டும்; அதைத் தொடக் கூடாது. மேலோட்டமாக வெட்டினாற் பால் வராது; ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு அந்த இடம் பல ஆண்டுகளுக்குப் பயன்படாது. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தை இருட்டிலே கை அறிய வேண்டும். சங்கிலியின் இளக்கத்தை விரலால் அறியும் மகனின் திறமையும், பட்டையின் ஆழத்தைக் கத்தியால் அறிந்த தாயின் திறமையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே இரண்டிலும் உள்ள கல்வி.

1952 டிசெம்பரில் இலங்கையும் மக்கள் சீனமும் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி, ஐந்தாண்டுகளுக்கு. இந்நாட்டு மக்களின் சோற்றுப்பானையை நிரப்பிய அந்த இறப்பரைச் சிங்களக் கிராமத்துத் தொழிலாளரும் சிறுதோட்டக்காரரும் வடித்தனர். மலையகத் தமிழ்த் தொழிலாளரும் வடித்தனர். ஆனால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அம்மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டு, 1949இல் வாக்குரிமையும் இழந்திருந்தனர். நாடற்றவரின் உழைப்பு நாட்டுக்குச் சோறிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் எழுந்த அரச டயர்த் தொழிற்சாலையும் பின்னர் தனியார் கைக்கு மாறிற்று. இறப்பர் வடித்தவரின் பிள்ளைகளுக்கு அவற்றிற் கிட்டிய பங்கு யாது என்பதைப் பொருளாதாரம் கற்பிக்கும் நண்பர்கள் தம் மாணவர்களிடம் கேட்பார்களாக.

இப்பொழுது கூலியின் விடயத்துக்கு வருவோம். நாம் அங்கிருந்த வேளையில் சக ஆசிரியர் ஒருவர் தமது வண்டியை எடுக்க வந்தார். டயருக்கும் ரியூபுக்குமான தொகையைக் கடைச்சீட்டைப் பார்த்தபடியே கொடுத்தார். கூலியைக் கேட்டதும் முகம் மாறிற்று. “இரண்டு நட்டுக் கழட்டிப் பூட்டினதுக்கு இவ்வளவோ அண்ணை?” என்றார். அண்ணை மறுத்துப் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஆசிரியர் வண்டியை எடுக்குமுன், கேளாமலே குனிந்து முன்பிறேக்கின் கம்பியைச் சற்றுத் திருகிச் சரிப்படுத்தி அனுப்பினார். அதற்குக் கூலி கேட்கவுமில்லை.

அந்த நண்பர் தீயவர் அல்லர், நல்லாசிரியர். 2021 யூலை முதல் ஒக்ரோபர்வரை, மூன்று மாதங்களுக்கு மேலாக இந்நாட்டு ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தபோது முன்னணியில் நின்றவர். எமது உழைப்பை நாற்பது நிமிடப் பாடவேளைகளால் மாத்திரம் அளவிடாதீர்கள், அதன் பின்னாலுள்ள பயிற்சியையும் ஆயத்தத்தையும் பாருங்கள் என்பதே அன்று நாம் அரசினரிடம் எடுத்துரைத்த நியாயம். அந்த நியாயம் பாடசாலை வாயிலைத் தாண்டி ஒரு கராச்சுக்குள் நுழைந்ததும் ஏன் மௌனியாகின்றது? இரண்டு நட்டுக் கழற்ற இருபது நிமிடம். எதை எவ்வளவு இறுக்குவது என அறிய முப்பது ஆண்டு. எமக்குப் பொருந்தும் கணக்கு அவருக்கும் பொருந்தாதா?

மூளையுழைப்பு வேறு, கையுழைப்பு வேறு எனச் சிலர் மறுமொழி கூறலாம். மேலே விவரித்த வேலைகளுள் மூளை பங்குபெறாத செயல் எது என அவர்கள் காட்டட்டும். கையை மூளையினின்றும் பிரித்த வழக்கம் நம்மிடையே சாதியோடு பிறந்தது. குடியேற்ற ஆட்சியின் எழுதுவினைஞர் கல்வியோடு வளர்ந்தது. அழுக்குப்படும் தொழில் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு இவ்விரண்டுமே வேர்கள். 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது, நல்ல காரியமே. ஆயினும் வேறெதற்கும் தகுதியற்றவர்களுக்கான இடம் அது என ஆசிரியர் அறைகளிலேயே பேசப்படுவதைக் கேட்கின்றோம். பாடத்திட்டம் மாறினும் மனம் மாறவில்லை.

மொழி கற்பிப்போருக்கும் இங்கே பணியுண்டு. ‘இளக்கம்’, ‘இழுவை’, ‘கண்ணி’, ‘பல்லு’, ‘கொளுவி’ என இத்தொழிலாளர் வழங்கும் சொற்கள் துல்லியமானவை. பொருள் மயக்கம் அற்றவை. கலைச்சொல் தேடி அகராதிகளைப் புரட்டும் நாம், குறிப்பேட்டுடன் இக்கொட்டில்களில் ஒரு நாள் அமர்வது தமிழுக்கு நன்மை செய்வதாகும். எமது பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் தத்தம் ஊர்த் தொழிலாளரிடமிருந்து இத்தகைய சொற்களைத் திரட்டிவருமாறு கூறியுள்ளோம். தச்சர், மீனவர், ஒட்டு வேலை செய்வோர் எனப் பலரிடமிருந்தும் சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன. தன் தந்தையின் தொழிற்சொற்களைக் கரும்பலகையில் எழுதிய மாணவன் ஒருவன், அதுவரை வகுப்பில் வாய் திறவாதவன், அன்று நாற்பது பேருக்கு அவற்றை விளக்கினான்.

இவை சிறு காரியங்கள். தொழிலாளரின் கூலியை நிர்ணயிக்கும் அமைப்பை இவை மாற்றிவிடா. அதற்கு அமைப்பு ரீதியான போராட்டம் வேண்டும். வீதியோரத்துத் திருத்துநர்களிற் பலருக்கு இன்று ஓய்வூதியமும் இல்லை, விரல் போனால் நட்டஈடும் இல்லை. ஆனால் அத்தகைய போராட்டத்துக்கு ஆசிரியர் துணை நிற்க வேண்டுமாயின், முதலில் அவர்களின் வேலையை வேலை என்று காணக் கற்க வேண்டும். கேட்ட கூலியைப் பேரமின்றிக் கொடுப்பது தருமம் அன்று, கடன். அந்தக் கடனை ஒழுங்காகத் தீர்ப்பவனே தன் சம்பளத்துக்காகக் குரல் எழுப்பும்போது முழுக்குரலோடு எழுப்ப முடியும்.